நந்திக்குள் புகுந்த எண்ணெய்

நீர்க்கசிவு அடைக்கும் தொழில் என்பது, கண்ணுக்குத் தெரியாத துளைக்குள் ஏற்கெனவே குடியிருப்பவரைக் கிளப்பிவிட்டு இன்னொருவரைக் குடிவைக்கும் தொழில். குடியிருப்பவர் பெரும்பாலும் தண்ணீர். சொன்னால் கேட்கிற ஆள் இல்லை.

ஐப்பசி பிறந்ததும் சொட்டு விழும் இடத்துக்கு ஏற்பக் கட்டிலை இழுத்து இழுத்துப் போடுகிறவர்களே, சுவரில் பூத்த உப்பை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு அதன்மேல் காலண்டரை மாட்டி மறைக்கிறவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். நானும் பட்டவள்தான்.

செங்கல்பட்டில் எங்களுக்கு ஒரு சிறிய கடை. கசிவுக்கு மருந்து, கறைக்கு மருந்து, விரிசலுக்கு மருந்து. என் கணவர் ஆரம்பித்தது. அவர் போன பிறகு மூடிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அந்த வருஷம் மழை விடவில்லை; கடை வாசலில் ஆட்கள் குடையோடு நின்றார்கள். கல்லூரியில் படித்த வேதியியல் தூசி தட்டிக்கொண்டு எழுந்தது. சுவரில் துளை போட்டு, பம்பு வைத்து மருந்து ஏற்றுகிற வேலை கன்னியப்பனுடையது. என் கணவர் காலத்திலிருந்து இருப்பவர். நான் புத்தகத்தில் 'பாகுநிலை' என்று படித்ததை அவர் 'கெட்டி', 'தண்ணி' என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுவார். போன மழைக்காலத்தில் எங்கள் இருவரையும் தூங்கவிடாமல் அடித்தது அந்த இரண்டு சொற்கள்தான்.

நந்தி மேல் ஒரு வரைபடம்

கார்த்திகையில் ஒரு காலை, மாமல்லபுரத்திலிருந்து சரளா என்பவர் கூப்பிட்டார். கல் பட்டறையில் வேலை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மற்றவர்கள் செதுக்கிய சிலைகளுக்கு உப்புத்தாள் தேய்த்து மெருகேற்றியவர். மெருகேற்றிக்கொண்டே உளி பிடிக்கக் கற்றுக்கொண்டார். இந்த வருஷம்தான் முதன்முறையாக ஒரு சிலையை முழுக்கத் தானே செதுக்கியிருக்கிறார்: மதுராந்தகம் பக்கத்தில் ஒரு கிராமத்துச் சிவன் கோயிலுக்கு நந்தி. தை பிறந்ததும் கும்பாபிஷேகம்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம். வேலை முடிந்த கருங்கல்லைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, கடைசியில் காய்ச்சிக் கெட்டியாக்கிய எண்ணெயைத் தேய்ப்பார்கள். சாம்பல் கல் கறுத்து மின்னும். நந்தி முடிந்த அன்று கோயில் ஊர்க்காரர்கள் பார்க்க வருவதாகத் தகவல் வந்ததால் அவசரம். மேலே காய்ந்ததுபோல் இருந்ததை நம்பி எண்ணெய் தேய்த்துவிட்டார்கள். கல்லுக்குள் ஈரம் தங்கிய இடத்தில் எண்ணெய்க்கு இடமில்லை. காய்ந்த இடமோ வேண்டிய மட்டும் குடித்துவிட்டது. மறுநாள் நந்தியின் உடம்பெல்லாம் கறுப்பும் சாம்பலுமாகத் திட்டு. ஊர்க்காரர்கள் அன்று வராமல் போனதுதான் ஒரே நல்ல செய்தி. பட்டறை முதலாளி கறையை விரட்டுகிறேன் என்று மண்ணெண்ணெயை ஊற்றினாராம். அது இன்னும் மோசம். நீர்த்த மண்ணெண்ணெய் கெட்டி எண்ணெயைத் தள்ளிக்கொண்டு போகவில்லை. அதன் நடுவில் சந்து பிடித்து ஓடிவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது நந்தியின் திமிலிலிருந்து விலா வரைக்கும் ஒரு நதி, கிளை நதி, கிளையின் கிளை. பூகோளப் புத்தகத்தில்கூட அவ்வளவு அழகாகப் போட்டிருக்க மாட்டார்கள்.

சரளா அழவில்லை. நந்தியின் முதுகில் கை வைத்தபடி நின்றார். முதலாளி அதற்குள் வேறொருவர் செதுக்கி வைத்திருந்த தயார் நந்தி ஒன்றைத் தார்ப்பாய்க்கு அடியிலிருந்து எடுத்து வாசலில் வைத்துவிட்டார். ஊர்க்காரர்கள் அதை ஏற்றிக்கொண்டு போனால், சரளாவின் நந்தி ஏதாவது ஓட்டல் புல்வெளிக்குப் போகும். சரளா உப்புத்தாளுக்குத் திரும்புவார். இன்னொரு கல்லை யாரும் அவர் கையில் கொடுக்க மாட்டார்கள். பக்கத்துப் பட்டறையிலிருந்து ஒரு பெண்மணி வேலியோரம் வந்து எட்டிப் பார்த்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்:

"இன்னாடி சரளா, நந்தி செய்யறேன்னு சொல்லிட்டு ஜெர்சி மாடு செஞ்சி வெச்சிகீற?"

ஓடிப் போன மருந்து

நந்திக்கு என்ன செய்வது என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்த அதே வாரம், சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் ஒரு வீட்டுச் சுவர். வீட்டுக்காரர் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறி, பெயிண்ட் அப்பளமாகப் பொரிந்திருந்தது. கெட்டி மருந்து போடலாம் என்றேன். அவர் செல்போனில் வீடியோ பார்த்துத் தேறியவர். "எவ்ளோ தண்ணியா கீதோ அவ்ளோ உள்ள போவும் மேடம், அதையே போடுங்க" என்று ஒற்றைக் காலில் நின்றார். சரி என்று நீர்த்த மருந்தையே எடுத்தோம்.

அடடா, அது இறங்கிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே! கன்னியப்பன் பம்பை அழுத்த அழுத்தச் சுவர் குடித்தது. டின் காலியானது, அடுத்த டின்னும் காலியானது. "குடிக்குது சார், நல்லா குடிக்குது" என்று கன்னியப்பன் ஓட்டப் பந்தய வர்ணனை கொடுத்துக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். அப்போது பொதுச்சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டம்மா கையில் கரண்டியோடு வாசலுக்கு வந்தார். "இன்னாபா பண்றீங்க? எங்கூட்டு அடுப்பாண்ட சொவுத்துலேர்ந்து இன்னாமோ ஊத்துது. மீன் கொயம்புல வுயுந்தா யாரு துன்றது?"

நடந்தது இதுதான். தண்ணீரைவிட நீர்த்த அந்த மருந்து, துளைகளில் உட்கார்ந்திருந்த தண்ணீரைத் தொடவே இல்லை. எங்கே சுலபமான விரிசல் இருந்ததோ அதன் வழியே புகுந்து அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. மறுநாள் வெண்ணெய் பதத்தில் இருக்கும் கெட்டி மருந்தை வைத்தோம். அது ஓடவில்லை. துளையிலேயே தங்கி, அக்கம்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியது. சூப்பர்வைசர் செல்போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். எனக்கோ நந்தி ஞாபகம் வந்தது. மண்ணெண்ணெய் நந்தியின் முதுகில் செய்த அதே காரியத்தை இந்த மருந்து சுவருக்குள் செய்திருக்கிறது! தள்ளுகிறவன் நீர்த்தவனாகவும் எதிரில் நிற்பவன் கெட்டியாகவும் இருந்தால் பிளவு. வழி கண்ட இடமெல்லாம் சந்து. இதை நான் விளக்கப் போனேன். அடுத்த வீட்டம்மா முந்திக்கொண்டார்:

"நேத்து வந்தது ஓடிப் போற மருந்து, இன்னிக்கி வந்தது குடித்தனம் பண்ற மருந்து. அவ்ளோதான?"

சுடுதண்ணி வைத்தியம்

அப்படியானால் கெட்டியே எப்போதும் ஜெயிக்கும் என்று நீங்கள் முடிவு கட்டிவிட வேண்டாம். நானும் அப்படித்தான் முடிவு கட்டினேன். மார்கழிப் பனி அதைக் கலைத்தது.

மதுராந்தகம் ஏரிக்கரைப் பக்கம் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் வீடு. கூரைத் தளத்தில் மயிரிழை விரிசல். அதற்குள் ஏற்ற வேண்டிய பிசின் மருந்து சாதாரண நாளிலேயே தேன் மாதிரி இருக்கும். அந்தக் குளிர் காலையில் பாகு காய்ச்சி ஆறவைத்ததுபோல் டின்னோடு ஒட்டிக்கொண்டு நின்றது. கன்னியப்பன் பம்பை அழுத்தினார். போகவில்லை. இன்னும் பலமாக அழுத்தினார். விரிசலுக்குள் போக வேண்டியது குழாயைப் பிடுங்கிக்கொண்டு அவர் சட்டை மேல் பாய்ந்தது. கண்டக்டர் நாற்காலியில் உட்கார்ந்தபடி "ஹோல்டான், ஹோல்டான்" என்று பழக்க தோஷத்தில் கத்தினார்.

கண்டக்டரின் மனைவி உள்ளே போய், குளிப்பதற்கு வைத்திருந்த வெந்நீர் அண்டாவை இழுத்துக்கொண்டு வந்தார். டின்னை அதில் நிற்கவைத்தோம். மாயம்போல் மருந்து இளகியது. ஆனால் சூடான மருந்து சீக்கிரம் இறுகியும் விடும். அதனால் ஓட்டமாக ஓடி ஏற்றினோம். விரிசலின் மறுமுனையில் மருந்து மணியாக எட்டிப் பார்த்தபோது நான் கை தட்டிவிட்டேன், இந்த வயதில்! கெட்டி, தண்ணி என்பது பொருளின் பிறவிக் குணம் இல்லை. சூடு காட்டினால் மாறும். அப்படியானால் கல்லுக்குள் இறுகிக் கிடக்கும் எண்ணெயும் மாறும். கண்டக்டரின் மனைவிக்கு இதெல்லாம் செய்தியாகவே இல்லை. கணவரைக் கண்ணால் காட்டிச் சொன்னார்:

"எங்கூட்டுக்காரு கூட இப்டித்தான் மேடம். காலைல சுடுதண்ணி காட்டாத நவுரவே மாட்டாரு."

இரண்டு கண்ணாடிக்கு நடுவே

வீட்டில் பேச்சுத் துணை இல்லாதவர்களுக்கு மழை ஒரு துணைதான். ஆனால் அது ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லும். அப்படி ஒரு பிற்பகலில் எனக்கு ஒரு யோசனை வந்தது. கல்லுக்குள் நடப்பதைப் பார்க்க முடியாது. கண்ணாடிக்குள் பார்க்கலாமே! இரண்டு கண்ணாடி வேண்டும். சுவரில் இருந்தது இரண்டே படம். ஒன்று எங்கள் கல்யாணப் படம், இன்னொன்று அவர் படம். இரண்டையும் கழற்றினேன்.

ஒரு கண்ணாடி மேல் விளக்கெண்ணெயைப் பரப்பி, இன்னொன்றை மூடி, நடுவே நூலிழை இடைவெளி விட்டேன். ஓரத்திலிருந்து ஊசிக்குழாயால் நீல மை கலந்த தண்ணீரை மெல்ல ஏற்றினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு மொட்டு. மொட்டு பிளந்து இரண்டு விரல். ஒவ்வொரு விரலும் பிளந்து இன்னும் இரண்டு. என் கண்ணெதிரே ஒரு நீல மரம் கிளைவிட்டு வளர்ந்தது. நடுநடுவே விளக்கெண்ணெய் இடம் பெயராமல் தீவு தீவாக அப்படியே இருந்தது. நந்தியின் முதுகில் பார்த்த அதே நதி! துடைத்துவிட்டு, இப்போது மைதா காய்ச்சிய பசையில் மை கலந்து ஏற்றினேன். விளக்கெண்ணெயைவிடக் கெட்டிப் பசை. விரல் இல்லை, கிளை இல்லை. விளிம்பு சிதறாமல் ஒரு நீலப் பிறை வளர்ந்து வளர்ந்து பாதி நிலாவாகி, எண்ணெயைத் தனக்கு முன்னால் முழுசாகத் தள்ளிக்கொண்டு போனது. யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல இருந்தது. வீட்டில் யாரும் இல்லை. ஜன்னலைத் திறந்து மழைக்குக் காட்டினேன் என்றால் சிரிப்பீர்கள்.

அந்த மேசையில்தான் நந்திக்கு மருந்து கிடைத்தது. கறை எடுக்கும் கரைப்பானைத் தண்ணியாக ஊற்றினால் அதுவும் சந்து தேடி ஓடும். மெல்லிய வெள்ளை மண்ணில் அதைப் பிசைந்து கெட்டிப் பசையாக அப்பினால் ஓடாது. அப்பிய இடமெல்லாம் சீராக நிற்கும். கல்லை முதலில் வெயிலில் காயவைத்துச் சூடேற்றினால் உள்ளே இருக்கும் எண்ணெய் இளகும். கரைப்பான் அதை இன்னும் இளக்கும். மேலே பசை காயக் காய, அந்த மண்ணின் துளைகள் எண்ணெயைக் கல்லிலிருந்து தங்கள் பக்கம் உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெய்க்குப் புது வீடு! கன்னியப்பன் நனைந்தபடி உள்ளே வந்து, மேசையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், வெறும் சட்டத்துக்குள் இருந்த படத்தைப் பார்த்தார். நான் உளறிக் கொட்டியதை எல்லாம் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்:

"நல்லா பண்ணீங்க போங்கம்மா, சாரே இப்பதான் கண்ணாடி இல்லாம நம்பள நேரா பாக்குறாரு."

பூச்சோடு நின்ற நந்தி

மழை விட்டு வெயில் வந்த முதல் நாள் பட்டறைக்குப் போனோம். நந்தி வெயிலில் நின்று உடம்பு சுட்டுக்கொண்டிருந்தது. முதலில் அடிவயிற்றில், யாரும் பார்க்காத இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டிப் பார்த்தோம். காய்ந்து உதிர்ந்ததும் அங்கே கறை குறைந்திருந்தது. சரளா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. பிறகு இருவரும் சேர்ந்து வடை மாவு பதத்துக்குப் பிசைந்து, கொம்பிலிருந்து குளம்பு வரை அப்பினோம். எந்த இடத்தில் கல் இறுக்கம், எந்த இடத்தில் இளக்கம் என்று சரளாவுக்கு உளிப்பழக்கத்தில் தெரியும். அங்கே கனமாக, இங்கே மெலிசாக என்று அவர் சொல்லச் சொல்ல நான் பூசினேன். கரைப்பான் தீப்பிடிக்கும் என்று, பீடி பற்றவைக்க வந்தவர்களைக் கன்னியப்பன் விரட்டிக்கொண்டிருந்தார். பசை சீக்கிரம் காய்ந்துவிடாதபடி பிளாஸ்டிக் தாளால் சுற்றிக் கட்டி, மறுநாள் காலையில் பிரித்துக் காற்றாட விட்டோம். பசை இன்னும் முழுசாகக் காயவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. ஊர்க்காரர்கள்! அடுத்த வாரம் வருவதாகச் சொன்னவர்கள், நாள் நன்றாக இருக்கிறதென்று இன்றே கிளம்பிவிட்டார்கள். முன்னால் இறங்கியவர் பச்சையம்மாள். ஊரில் கோயில் வேலையைத் தலைமேல் போட்டுக்கொண்டு செய்கிறவர்; அவர் குரல் கேட்டதும் வேனில் இருந்த ஆண்கள் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். முதலாளி ஓடிவந்து அவரைத் தயார் நந்தியின் பக்கம் திருப்பப் பார்த்தார். சரளா குறுக்கே போய் நின்றார். "அக்கா, சாயங்காலம் வரைக்கும் எனக்குக் குடுங்க. அப்பவும் புடிக்கலன்னா அதையே எடுத்துக்கினு போங்க" என்றார். பச்சையம்மாள் வெள்ளைப் பூச்சோடு நின்ற நந்தியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வேனைப் பார்த்துக் கத்தினார்:

"எல்லாரும் கடலாண்ட போய்ட்டு வரலாம் வாங்க, நந்தி பூட்டி பார்லர்ல குந்திகினு கீது!"

இரண்டு நந்திகள்

சாயங்காலம். கடல் காற்று மெல்லக் குறைந்திருந்தது. பூச்சு வெடித்துப் பொருக்கு விட்டிருந்தது. வெள்ளையாக இருந்த மண் பழுப்பாகி, கிளை கிளையாக எண்ணெயைக் குடித்திருந்தது. நதி இடம் மாறிவிட்டது! சரளா மூங்கில் பட்டையால் கழுத்திலிருந்து சுரண்ட ஆரம்பித்தார். பொருக்கு உதிர உதிர உள்ளே சாம்பல் நிறம், ஒரே சாம்பல் நிறம், விடியற்காலை மேகம் மாதிரி. முதுகு வந்தது. விலா வந்தது. திமிலின் ஓரத்தில் மட்டும் ஒரு மெல்லிய கோடு போகாமல் நின்றது. இன்னொரு முறை பூச நேரமில்லை. கடற்கரை மணல் ஒட்டிய காலோடு ஊர்க்காரர்கள் வந்துவிட்டார்கள்.

முதலாளி தயார் நந்தியைத் துடைத்து அருகே தள்ளி வைத்திருந்தார். அதில் ஒரு புள்ளி கறை இல்லை. கறுத்து, மின்னி, கண்ணைப் பறித்தது. ஊர்க்காரர் ஒருவர் நேராக அதனிடம் போய்த் தட்டிப் பார்த்து, "இது சுத்தமா கீதே" என்றார். சரளா மூங்கில் பட்டையைக் கீழே போடக்கூட மறந்து நின்றார். பச்சையம்மாள் முதலில் அதைச் சுற்றி வந்தார். பிறகு இதைச் சுற்றி வந்தார். திமிலின் கோட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார், போகவில்லை. நந்தியின் முகத்துக்கு நேரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அப்போதுதான் நானும் பார்த்தேன். இத்தனை நாள் திட்டுக்குள் ஒளிந்திருந்ததால் என் கண்ணில் படாத ஒன்று. மற்ற நந்திகளின் காது இரண்டும் ஒரேபோல் கீழே தொங்கும். சரளாவின் நந்திக்கு ஒரு காது மட்டும் லேசாக நிமிர்ந்து, பின்பக்கம் திரும்பியிருந்தது. யாரோ பக்கத்தில் வந்து மெதுவாகப் பேசத் தொடங்கியதுபோல, அதை அது கேட்டுவிட்டதுபோல.

ஊரில் குறை சொல்ல வருகிறவர்கள் நந்தியின் காதில்தானே சொல்வார்கள்? பச்சையம்மாள் குனிந்து அந்தக் காதுக்கு அருகே வாயை வைத்து என்னவோ முணுமுணுத்தார். என்னவென்று எங்களுக்குக் கேட்கவில்லை, கேட்கக் கூடாதுதான். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். தயார் நந்தியின் பக்கம் கையை நீட்டி, வேன்காரர்களுக்கும் முதலாளிக்கும் சேர்த்துச் சொன்னார்:

"அது சும்மா குந்திகினு கீது, இது நம்ப சொல்றத கேட்டுகினு கீது, இத்த ஏத்துங்கப்பா."

இவ்வளவு பாடுபட்டு எண்ணெய் எடுத்த அந்த நந்தி மேல் இப்போது பிரதோஷத்துக்குப் பிரதோஷம் ஊரே வரிசையில் நின்று எண்ணெய் ஊற்றுகிறதாம். கறை எடுக்கும் எங்கள் தொழிலுக்கு இதைவிட நீண்ட ஆயுளை நான் யாரிடம் போய்க் கேட்பது?